நேச்சுரல் நம்பர் கேம் + லீன்: தியரியைப் பத்தின தியரி எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மெட்டா தியரின்னு வாயைத் திறந்தாலே ரெண்டு ரியாக்‌ஷன்தான் வருது. ஒண்ணு, "ஐயோ பிலாசபி, ஆளை விடு சாமி". இன்னொண்ணு, "தியரியே சோறு போடாது, இதுல தியரியைப் பத்தி ஒரு தியரி வேறயா". ரெண்டாவது டயலாக் பெரும்பாலும் நம்ம ஐடி ஆளுங்ககிட்ட இருந்துதான் வரும். அவங்ககிட்ட வாதாடறதை விட்டுட்டேன், எண்களைப் பத்தி லெவல் லெவலா நிரூபிக்கற நேச்சுரல் நம்பர் கேம்னு ஒண்ணு இருக்கு, ஆடிட்டு வாங்க அப்புறம் பேசலாம்னு லிங்க்கை அனுப்பிடறேன். அந்த கேமுக்கும், அதுக்கு அடியில ஓடுற லீன்ங்கற சாஃப்ட்வேருக்கும் சேர்த்துதான் இந்த ரிவ்யூ.

முதல்ல அடிப்படை விவரம். லீன் ஒரு ப்ரூஃப் அசிஸ்டென்ட், அதாவது நிரூபணத்தை நீங்க கோட் மாதிரி டைப் பண்ணணும், ஒவ்வொரு ஸ்டெப்பும் ரூல்படி போகுதான்னு அது செக் பண்ணும், போகலைன்னா சிவப்புக் கோடு. 2013ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல லியோனார்டோ டி மௌரா ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ், பைசா செலவில்ல. இதுக்கு மேல மேத்லிப்னு ஒரு பொது லைப்ரரி 2017ல இருந்து வளந்துட்டு வருது, இப்போ அதுல 2 லட்சத்துக்கும் மேல தேற்றங்கள் இருக்கு. கேமை 2019ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல இருந்து கெவின் பஸ்ஸார்டும் முகமது பெத்ராம்ஃபாரும் பண்ணாங்க, இப்போ இருக்கற லீன் 4 வெர்ஷன் ஜெர்மனில ட்யூசல்டார்ஃப் யூனிவர்சிட்டி சர்வர்ல ஓடுது. அக்கவுன்ட் வேண்டாம், இன்ஸ்டால் வேண்டாம், ப்ரவுசர் இருந்தா போதும்.

கேம் ஆரம்பிக்கும்போது கையில தர்றது ரொம்ப ரொம்பக் கம்மி. சைபர்னு ஒரு எண், எந்த எண்ணை எடுத்தாலும் அதுக்கு "அடுத்தது"ன்னு ஒண்ணு, அப்புறம் கூட்டலுக்கு ரெண்டே ரூல். எக்ஸ் + 0 = எக்ஸ், இது முதல் ரூல். எக்ஸோட "ஒய்-க்கு அடுத்தது"ஐ கூட்டினா, வர்றது "எக்ஸ் + ஒய்"க்கு அடுத்தது, இது ரெண்டாவது. அவ்ளோதான். இதை வச்சு ட்யூட்டோரியல் முடியறப்போ 2 + 2 = 4ன்னு நிரூபிச்சிருப்பீங்க, வீட்ல யாராவது எட்டிப் பாத்தா இதுக்கா இவ்ளோ நேரம்னு கேப்பாங்க, கண்டுக்காதீங்க.

சுவாரசியம் அடுத்த உலகத்துல, அடிஷன் வேர்ல்டு முதல் லெவல்லயே வருது. 0 + எக்ஸ் = எக்ஸ்னு நிரூபிக்கணும். இதுல என்ன இருக்கு, ரூல்லயே இருக்கேன்னு தோணும், நல்லாப் பாருங்க, ரூல்ல இருக்கறது எக்ஸ் + 0. திருப்பிப் போட்டது இல்ல. கூட்டல்ல இடம் மாத்திக்கலாம்ங்கறதையே இன்னும் யாரும் நிரூபிக்கல, அது ரெண்டு மூணு லெவல் தள்ளி வருது. அதனால ரூல்படி மாத்தி எழுதுன்னு சொல்ற ரீரைட்டு கமாண்டை டைப் பண்ணிப் பாத்தா லீன் முறைக்கும். இங்க இண்டக்‌ஷன், அதான் நாம பதினொண்ணாவதுல படிச்ச கணிதத் தொகுத்தறிதல், அதைப் போடணும். போட்ட உடனே ஸ்க்ரீன்ல இருக்கற கோல், அதாவது நாம நிரூபிக்க வேண்டிய வாக்கியம், ரெண்டா உடையும். முதல்ல 0 + 0 = 0, முதல் ரூல் போட்டா முடிஞ்சுது. ரெண்டாவதுல, 0 + டி = டின்னு கையில ஒரு அனுமானம் குடுத்துட்டு, 0 + (டி-க்கு அடுத்தது) = டி-க்கு அடுத்ததுன்னு காட்டச் சொல்லும். ரெண்டாவது ரூலை வச்சு இடது பக்கத்தை மாத்தினா (0 + டி)-க்கு அடுத்ததுன்னு ஆகும், உள்ள இருக்கற 0 + டி-யை அனுமானத்தை வச்சு டி ஆக்கினா ரெண்டு பக்கமும் ஒண்ணு. கோல் காணாமப் போயிடும். அந்த ஃபீலுக்காகவே ஆடலாம்.

ஆனா கேம் சொல்லாம விடுற ஒரு கேள்வி இங்கதான் இருக்கு, எனக்கு இந்த கேமைப் பிடிச்சதும் அதனாலதான், இதுமேல கடுப்பும் அதனாலதான். இண்டக்‌ஷன் இல்லாம இதை நிரூபிக்க முடியுமா? 0 + 1 = 1ஐ இண்டக்‌ஷன் இல்லாம காட்டலாம், 0 + 2 = 2ஐயும் காட்டலாம், எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த ஒரு எண்ணுக்கு ரெண்டு ரூலையும் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டிடலாம். "எல்லா எக்ஸுக்கும்"னு மொத்தமா வருமா? நாள் பூரா ட்ரை பண்ணி வரலைன்னா அது உங்க மண்டையோட பிரச்சனையா, இல்ல வரவே வராதான்னு கேமுக்குள்ள இருந்து சொல்ல வழியே இல்ல. நிரூபிச்சா கோல் மறையும், நிரூபிக்கலைன்னா சும்மா நிக்கும். "இது முடியாது"ன்னு காட்டற பட்டன் கிடையாது.

கேமை விட்டு வெளிய வாங்க. சாதாரண எண்களோட புதுசா ரெண்டு பேரைச் சேர்த்துக்கலாம், பி, க்யூன்னு. இவங்க விசேஷம் என்னன்னா, பி-க்கு அடுத்தது பி-யேதான், க்யூ-க்கு அடுத்தது க்யூ-வேதான். கூட்டலுக்கு, ஒரு சாதாரண எண்ணோட பி-யைக் கூட்டினா க்யூ வரும், க்யூ-வைக் கூட்டினா பி வரும்னு வச்சுக்கலாம். கிறுக்குத்தனமா இருக்கா? ரூலை செக் பண்ணுங்க. 0 + (பி-க்கு அடுத்தது)ங்கறது 0 + பி, அதாவது க்யூ. (0 + பி)-க்கு அடுத்ததுங்கறது க்யூ-க்கு அடுத்தது, அதுவும் க்யூ. பொருந்துது. பி-யோட சாதாரண எண்ணைக் கூட்டினா பி-யாவே, க்யூ-வோட கூட்டினா க்யூ-வாவே இருக்கட்டும், பி-யும் க்யூ-வும் தங்களுக்குள்ள கூட்டிக்கிட்டா பி வரட்டும், அதுவும் பொருந்துது. வேற வேற எண்ணுக்கு வேற வேற அடுத்தது, சைபர் யாருக்கும் அடுத்தது கிடையாது, இதெல்லாமும் அப்படியே நிக்குது. ஆனா 0 + பி = க்யூ, பி இல்ல. ஆக இண்டக்‌ஷனைத் தவிர மத்த எல்லா ரூலும் சரியா நடக்கற ஒரு உலகத்துல 0 + எக்ஸ் = எக்ஸ் தப்பு. அப்போ அந்த ரூலை மட்டும் வச்சு அதை யாராலயும் எப்பவும் நிரூபிக்க முடியாது, கதை முடிஞ்சுது. 

இதான் மெட்டா தியரி. நாம பண்ணது எண்களைப் பத்தின நிரூபணம் கிடையாது, எண்களைப் பத்தின நிரூபணங்களைப் பத்தின நிரூபணம். 1868ல பெல்ட்ராமி இதே டெக்னிக்கைத்தான் யூக்ளிடோட இணைகோடு விதிக்குப் போட்டாரு, அந்த விதியை மத்த விதிங்கள்ல இருந்து நிரூபிக்க ரெண்டாயிரம் வருஷமா முட்டி மோதிட்டு இருந்தாங்க, அவரு அது பொய்யாகற ஒரு வடிவியலை யூக்ளிட் வடிவியலுக்குள்ளயே கட்டிக் காட்டிட்டாரு. 1963ல பால் கோஹன் கன்டினுவம் ஹைபாதசிஸ்க்கு (இயல் எண்களோட முடிவிலிக்கும் மெய்யெண்களோட முடிவிலிக்கும் நடுவுல வேற சைஸ் முடிவிலி இல்லைங்கற ஊகம்) பண்ணதும் அடிப்படையில இந்த ஜாதிதான், வேலை மட்டும் பல மடங்கு கஷ்டம். (அந்த கோஹன் சமாசாரத்தையே ஜெஸ்ஸி ஹானும் ஃப்ளோரிஸ் வான் டோர்னும் லீன்ல எழுதி செக் பண்ணி முடிச்சுட்டாங்க.) எது முடியாதுன்னு தெரிஞ்சா வாழ்நாள் மிச்சம், அதை விட என்ன பயன் வேணும்.

சரி, கேம் முடிச்சுட்டு நிஜ லீனுக்குள்ள வாங்க. ப்ரவுசர்லயே ஆன்லைன் எடிட்டர் இருக்கு. அங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பெரிய பெரிய ஆட்டோமேஷன் எதுவும் இல்ல, "ப்ரின்ட் ஆக்சியம்ஸ்"னு ஒரே ஒரு வரி கமாண்ட். ஒரு தேற்றத்தோட பேரைக் குடுத்தா, அது கடைசியா எந்தெந்த ஆக்சியத்து மேல, அதாவது நிரூபிக்காம ஏத்துக்கற அடிப்படை விதி மேல, நிக்குதுன்னு லிஸ்ட் போட்டுடும். 2 + 2 = 4க்குப் போட்டா எந்த ஆக்சியமும் தேவையில்லைன்னு வரும். மேத்லிப்ல ஒரு பெரிய தேற்றத்துக்குப் போட்டா லீனோட சொந்த ஆக்சியங்க மூணு பேரு வழக்கமா வருவாங்க: ப்ராப்எக்ஸ்ட், கிளாசிகல் சாய்ஸ், கோஷியன்ட் சவுண்ட். அதுக்கு மேல ஏதாவது வந்தா உஷாராகணும்.

எப்படி வரும்? "சாரி"ன்னு ஒரு கீவேர்டு இருக்கு. நிரூபணம் தெரியலைன்னா அந்த இடத்துல சாரின்னு எழுதிட்டா லீன் இப்போதைக்கு ஏத்துக்கும், மஞ்சக் கோடு மட்டும் போடும். 2 + 2 = 5க்கும் சாரி போடலாம். போட்டுட்டு அதை வச்சு இன்னொரு தேற்றம், அதை வச்சு இன்னொண்ணுன்னு கட்டிட்டே போனா, மேல இருக்கற ஃபைல்ல ஒரு மஞ்சக் கோடு கூட தெரியாது, எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும். ப்ரின்ட் ஆக்சியம்ஸ் போட்டீங்கன்னா சாரிஆக்ஸ்னு அடியில இருந்து எட்டிப் பாக்கும். டெஸ்டிங்ல இருக்கறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுங்கறது ஒரு விஷயம், டெஸ்ட் எதை செக் பண்ணுச்சுங்கறது வேற விஷயம். இப்போ ஏஐ லீன் நிரூபணம் எழுத ஆரம்பிச்சாச்சு, 2024 ஜூலைல கூகுள் டீப்மைண்டோட ஆல்ஃபாப்ரூஃப் சர்வதேச கணித ஒலிம்பியாட் கணக்குகளை லீன்ல போட்டு, கூட இன்னொரு வடிவியல் சிஸ்டத்தையும் சேர்த்துக்கிட்டு 42க்கு 28 மார்க் வாங்கி சில்வர் லெவலைத் தொட்டுச்சு. மெஷின் எழுதினதை மெஷின் செக் பண்ற காலத்துல இந்த ஒரு வரி கமாண்ட் தங்கம்.

இங்கயே ஒரு எச்சரிக்கையும். லீன் செக் பண்றது நிரூபணத்தை மட்டும்தான். நீங்க எழுதின வாக்கியம் நீங்க நெனச்சதைத்தான் சொல்லுதான்னு அதுக்குத் தெரியாது. லீன்ல எதை 0 ஆல வகுத்தாலும் 0ன்னுதான் டெஃபனிஷனே வச்சிருக்காங்க, வசதிக்காக. அது தெரியாம ஒரு தேற்றம் எழுதினா அது அழகா நிரூபணம் ஆயிடும், அர்த்தம்தான் வேற ஏதோவா இருக்கும்.

சரி, லீன் எல்லாத்தையும் செக் பண்ணுது, லீனை யாரு செக் பண்றது? இந்தக் கேள்வியைக் கேக்காத இன்ஜினியரை நான் இன்னும் பாக்கல, கேட்ட அந்த நிமிஷமே அவங்களும் மெட்டா தியரிக்குள்ள வந்துட்டாங்க, அது வேற கதை. பதில் ரெண்டு லெவல்ல இருக்கு. ப்ரோக்ராம் லெவல்ல, செக் பண்ற கோர் பகுதி, கெர்னல்னு சொல்றது, சின்னது, அதை வேற ஆளுங்க தனியா திரும்ப எழுதலாம். மரியோ கார்னெய்ரோ லீன்4லீன்னு ஒண்ணு எழுதியிருக்காரு, லீன்லயே எழுதின லீன் செக்கர், ஒரிஜினலை விட 20ல இருந்து 50 சதவீதம் ஸ்லோ, ஆனா மேத்லிப் முழுசையும் செக் பண்ணிடுது. ரெண்டாவது, ரூல்ங்களோட லெவல்ல. ரூலே முரண்பட்டிருந்தா? அதே கார்னெய்ரோ 2019ல கார்னகி மெலன்ல மாஸ்டர்ஸ் தீசிஸா எழுதினது இதைத்தான், அப்போ இருந்த லீன் 3க்கு. கணிதத்துக்கு அஸ்திவாரமா வைக்கற வழக்கமான செட் தியரி இசட்எஃப்சி, அதோட இன்ஆக்சசிபிள் கார்டினல்னு சொல்ற ராட்சச சைஸ் முடிவிலிங்க எத்தனை கேட்டாலும் அத்தனை இருக்குன்னு சேர்த்துக்கிட்டா என்ன பலமோ, அதுதான் லீனோட பலம். ஒண்ணுல முரண் வந்தா இன்னொண்ணுலயும் வரும்.

"அப்போ கடைசில எதையோ நம்பித்தான் ஆகணுமா?" ஆமா. அதை 1931லயே கர்ட் கோடல் முடிச்சு வச்சுட்டாரு: எண் கணக்கு பண்ற அளவுக்குப் பலம் இருக்கற, முரண் இல்லாத, ரூல்ங்களை மெஷின் மாதிரி வரிசைப்படுத்த முடியற எந்த சிஸ்டமும் தனக்கு முரண் இல்லைன்னு தனக்குள்ளயே நிரூபிக்க முடியாது. கேம்ல வர்ற எண் கணிதத்துக்கு முரண் இல்லைன்னு லீன்ல காட்டறது கஷ்டமில்ல, லீன் அதை விட மேல நிக்குது. லீனுக்குக் காட்டணும்னா லீனை விட மேல போகணும். இது தோல்வி மாதிரி சொல்லித் திரியறவங்க மேல எனக்குக் கோவம்தான் வரும், ஏன்னா நாம எதை நம்பறோம்னு ஒரே ஒரு வரில துல்லியமா எழுதி வச்சிருக்கற துறை வேற எது இருக்கு? மேல சொன்னது கோடலோட ரெண்டாவது தேற்றம், அவரோட முதல் தேற்றத்தை (அந்த மாதிரி சிஸ்டத்துல உண்மைன்னும் பொய்னும் நிரூபிக்க முடியாத வாக்கியம் இருக்கும்ங்கறது) மெஷின்ல முதல் தடவையா செக் பண்ணது யாரு தெரியுமா, ஐஐடி மெட்ராஸ்ல படிச்சுட்டு டெக்சஸ் யூனிவர்சிட்டிக்குப் போன நடராஜன் சங்கர், 1986ல, நிரூபணங்களை செக் பண்ற பாயர்-மூர் ப்ரூவர்ங்கற சாஃப்ட்வேர்ல, அதுதான் அவரோட பிஎச்டி. நம்ம அடையாறு பக்கம் இருந்து போனவருன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் "முடியாது", "நம்பலாமா" டைப். ஆனா மெட்டா தியரி நேரடியா புது ரிசல்ட் எடுத்துக் குடுக்கும், அதுக்கு நான் காட்டறது ஆக்ஸ்-க்ரோத்தெண்டிக் தேற்றம், மேத்லிப்ல இருக்கு, தேடிப் பாருங்க. கலப்பெண்கள்ல பல்லுறுப்புக் கோவைகளால ஆன ஒரு சார்பு, எத்தனை மாறி உள்ள போகுதோ அத்தனை வெளிய வருது. அது ஒன்றுக்கொன்றா இருந்தா கண்டிப்பா மேல் சார்பாவும் இருக்கும், எந்தப் புள்ளியும் விட்டுப் போகாது. நேரா நிரூபிக்கப் போனா தலை சுத்தும். ஆனா முடிவுறு கணத்துல இது ஒண்ணுமே இல்ல, 7 பேரு 7 சேர்ல ஆளுக்கொண்ணா உக்காந்தா காலி சேர் கிடையாது. அதனால முடிவுறு எண் உலகங்கள்ல இது சும்மாவே உண்மை, அந்த உலகங்களை அடுக்கி அடுக்கிக் கட்டற பெரிய உலகங்கள்லயும், ஒவ்வொரு பகா எண்ணுக்கும், உண்மை.

அங்க இருந்து கலப்பெண்ணுக்கு எப்படித் தாவறது? 1968ல ஜேம்ஸ் ஆக்ஸ் பண்ண வழியைப் பாருங்க. கலப்பெண்ணோட ஆக்சியம் லிஸ்ட்ல "1ஐ 2 தடவை கூட்டினா சைபர் ஆகாது, 3 தடவை கூட்டினா ஆகாது, 5 தடவை ஆகாது..."ன்னு முடிவே இல்லாம ஒரு வரிசை இருக்கு. அந்த லிஸ்ட் கம்ப்ளீட்டும் கூட, அதாவது அந்த மொழில சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் பொய்னா, பொய்ங்கறதுக்கு அந்த லிஸ்ட்ல இருந்தே நிரூபணம் கண்டிப்பா இருக்கும். இப்போ நம்ம தேற்றம் கலப்பெண்ல பொய்னு வச்சுக்கோங்க. அப்போ அது பொய்ங்கறதுக்கு ஒரு நிரூபணம் இருக்கணும். நிரூபணம்னா எவ்ளோ நீளமா இருந்தாலும் ஒரு இடத்துல முடியணும், அப்போ அந்த முடிவில்லாத வரிசைல சில ஆக்சியத்தை மட்டும்தான் அது தொட்டிருக்கும். தொட்டதையெல்லாம் தாண்டி ஒரு பெரிய பகா எண்ணை எடுத்தா, அதோட உலகத்துலயும் அதே நிரூபணம் அப்படியே செல்லும், ஆனா அங்க தேற்றம் உண்மைன்னு முன்னாடியே பாத்தாச்சு. முரண். முடிஞ்சுது.

கவனிச்சீங்களா, இங்க வேலை செஞ்சது கலப்பெண்ணோட எந்த குணமும் இல்ல, லிஸ்ட் கம்ப்ளீட்டுங்கறதும் "நிரூபணம் முடிவுள்ளது"ங்கறதும்தான். அது தியரியைப் பத்தின உண்மை, தியரிக்குள்ள இருக்கற உண்மை இல்ல. சோறு போடாதுன்னு சொன்னவங்க இந்தப் பாராவை ரெண்டு தடவை படிக்கவும்.

இதே அளவுகோலை வச்சுதான் மத்த இடங்கள்ல மெட்டா தியரின்னு வர்ற எழுத்தையும் நான் பாக்கறேன். கீழ இருக்கற தியரியால தன்னைப் பத்திச் சொல்ல முடியாத ஏதாவது ஒண்ணை மேல இருக்கறது சொல்லணும். சமூகவியல், மேனேஜ்மென்ட் பக்கமெல்லாம் இந்தப் பேருல வர்றதுல பாதி, பத்து தியரியைக் கட்டம் போட்டு அடுக்கறதோட நின்னுடுது. அது கேட்டலாக், அதுக்கும் உபயோகம் இருக்கும், ஆனா இந்த வேலை அது இல்ல.

இப்போ குறைகள். கேம் இதுல ஒரு வார்த்தை கூட உங்களுக்குச் சொல்லித் தராது. நல்லா ஆட வைக்கும், பவர் வேர்ல்டு கடைசில, நூத்துக்கணக்கான வருஷம் தண்ணி காட்டின ஃபெர்மாவோட கடைசித் தேற்றத்தையே ஒரு லெவலா வச்சு ஜோக் அடிக்கும், ஆனா "இண்டக்‌ஷனை எடுத்துட்டா என்ன ஆகும்"னு ஒரு சைடு லெவல் வச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். நிஜ லீன்ல எரர் மெசேஜ் படிக்கறதே தனிக் கலை, டைப் மிஸ்மேட்ச்னு அரைப் பக்கத்துக்குத் துப்பும், அதுல ரெண்டு வரி ஒரே மாதிரி இருக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒளிஞ்சிருக்கும். மேத்லிப்பை லேப்டாப்ல இறக்கினா பல ஜிபி தின்னும், 8 ஜிபி ராம் மெஷின்ல மூச்சு வாங்கும். 2023ல மேத்லிப் லீன் 4க்கு மாறி முடிஞ்சது, அதுக்கு முன்னாடி லீன் 3ல எழுதின டுட்டோரியல் கோட் அப்படியே ஓடாது, தேடும்போது தேதியைப் பாத்துக்கோங்க. சிம்ப்னு ஒரு டேக்டிக், அதாவது நிரூபணத்துல ஒரு ஸ்டெப் எடுக்கற கமாண்ட், இருக்கு, பாதி கோலை அதுவே முடிச்சுடும், ஆரம்பத்துலயே அதைப் பழகிட்டீங்கன்னா என்ன நடந்துச்சுன்னே தெரியாம லெவல் தாண்டிட்டு இருப்பீங்க.

கேமுக்கு 5க்கு 4, லீனுக்கு 5க்கு 4.5, எரர் மெசேஜுக்காகத்தான் அரை மார்க் கட். +2 கணக்கு பயமில்லாதவங்க யாரும் கேமை ஆடலாம், கோடிங் தெரியணும்னு அவசியமே இல்ல. மொபைல்ல திறக்காதீங்க, அம்புக்குறி மாதிரி சிம்பல்லாம் அடிக்கறதுக்குள்ள விரல் போயிடும். ட்யூட்டோரியல், அடிஷன், மல்ட்டிப்ளிகேஷன், இம்ப்ளிகேஷன் இந்த நாலும் போதும், மத்ததை மெதுவா பாத்துக்கலாம். அடிஷன் வேர்ல்டு முதல் லெவலை முடிச்ச கையோட ஒரு பேப்பர் எடுத்து பி, க்யூ கூட்டல் டேபிளை நீங்களே போட்டு ரூல் ஒவ்வொண்ணா செக் பண்ணுங்க. அப்புறம் ஆன்லைன் எடிட்டர்ல போயி 2 + 2 = 5க்கு ஒரு சாரி போட்டுட்டு, அதுல இருந்து 0 = 1 எடுத்து, ப்ரின்ட் ஆக்சியம்ஸ் அடிச்சுப் பாருங்க.